அடிப்படை மாடல் எங்கே போனது? அமெரிக்காவில் பிக்கப்பும் டூரிங் பைக்கும் விலையேறிய கதை

2021 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் மேவரிக் என்ற சிறிய பிக்கப்பை அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 19,995 டாலர். நான்கு கதவுகள், ஐந்து பேர் உட்கார இடம், பின்னால் நாலரை அடி நீள லோடு பாடி, ஹைப்ரிட் இன்ஜின் எல்லாம் அந்த விலைக்குள்ளேயே. இருபதாயிரத்துக்குள் புது பிக்கப்பா என்று ஆட்கள் முண்டியடித்துப் பதிவு செய்தார்கள். 2022 ஜனவரிக்குள் அந்த ஆண்டு மாடலுக்கான முன்பதிவையே நிறுத்த வேண்டிய அளவுக்குக் கூட்டம். 2025 மாடல் வந்தபோது ஆரம்ப விலை 26,000 டாலரைத் தாண்டியிருந்தது. தொழிற்சாலையிலிருந்து டீலர் வரை கொண்டுவரும் கட்டணத்தையும் சேர்த்தால் 28,000-ஐ நெருங்கியது. அப்போதும் அமெரிக்காவில் கிடைத்த புது பிக்கப்களில் ஆகக் குறைந்த விலை அதற்குத்தான்.

இது அடிமட்ட விலை. மேலே போகப் போகத் தலை சுற்றும். 2025 செப்டம்பரில் அமெரிக்கர்கள் ஒரு புது வண்டிக்குச் சராசரியாகக் கொடுத்த தொகை முதல்முறையாக 50,000 டாலரைத் தாண்டியதாக, வாகன விலைகளைக் கணிக்கும் கெல்லி புளூ புக் நிறுவனம் கணக்கிட்டது. முழு அளவு பிக்கப்களை மட்டும் எடுத்தால் சராசரி 65,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகம். பைக் பக்கம் வந்தால், நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் ரகங்களில் ஹார்லி டேவிட்சனின் ஸ்ட்ரீட் கிளைடும் ரோடு கிளைடும் 2024-ல் 25,999 டாலரில் தொடங்கின. ஹோண்டா கோல்ட் விங் டூர் 28,000 டாலருக்கு மேல். ஹார்லியின் ஆக விலை உயர்ந்த சிவிஓ ரகங்கள் 2023-ல் வந்தபோது 42,999. இதெல்லாம் நம் ஊர் எக்ஸ் ஷோரூம் விலை மாதிரி. மாநில விற்பனை வரி, பதிவுக் கட்டணம், டீலர் போடும் சரக்குக் கட்டணம், செட்டப் கட்டணம் எல்லாம் அதற்கு மேல்.

பிக்கப்பையும் டூரிங் பைக்கையும் ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்? அமெரிக்காவில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டு முற்றத்தில் நிற்பவை. பைக்கை டிரெய்லரில் ஏற்றி தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் பைக் பேரணிக்கு இழுத்துப்போவதும் பிக்கப்தான். இரண்டுமே உழைக்கும் மனிதர்களின் வாகனங்களாகத் தொடங்கியவை. தச்சர், குழாய் பழுதுபார்ப்பவர், பண்ணைக்காரர், தொழிற்சாலை ஷிஃப்ட் முடித்து வாரக்கடைசியில் ஊர் சுற்றக் கிளம்புபவர் போன்றவர்கள்தான் இந்தச் சந்தைகளை வளர்த்தார்கள். அவர்கள் கைக்கு எட்டாத உயரத்துக்கு இரண்டும் ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே காரணங்களால் போயிருக்கின்றன.

காரணம் கேட்டால் பணவீக்கம், சிப் தட்டுப்பாடு, டிரம்ப் போட்ட வரி என்று மூன்று பதில்கள் உடனே வரும். மூன்றும் உண்மைதான். ஆனால் அவை மட்டும் இந்த அளவு ஏற்றத்தை விளக்கிவிடாது. ஃபோர்டின் முழு அளவு பிக்கப்பான எஃப்-150-ஐ எடுத்துக்கொள்வோம். 2015-ல் அதன் ஆகக் குறைந்த ரகம் ஏறத்தாழ 25,400 டாலர். பத்து ஆண்டுகளில் அமெரிக்காவில் பொது விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக ஏறியது. அந்தக் கணக்கில் 2025-ல் அது 34,500 டாலராக இருக்க வேண்டும். உண்மையில் 38,800 டாலர் அளவில் நின்றது. நாலாயிரம் டாலர் கூடுதல். சின்னத் தொகை இல்லைதான், ஆனால் 38,800-க்கும் 65,000-க்கும் நடுவே இருக்கும் பெரும் இடைவெளியை அது விளக்காது. ஒரே வண்டியின் விலை ஏறியதைவிட, விலை குறைந்த வண்டி சந்தையிலிருந்து மறைந்ததுதான் பெரிய மாற்றம் என்பது என் முடிவு. அது தானாக மறையவில்லை. சட்டம் ஒரு பக்கம் தள்ளியது, நிறுவனங்களின் லாபக் கணக்கு இன்னொரு பக்கம் தள்ளியது.

கோழியில் தொடங்கிய வரி

இந்தக் கதையின் வேர் 1960-களின் கோழிப் பண்ணைகளில் இருக்கிறது. போருக்குப் பிறகு அமெரிக்கப் பண்ணைகள் கோழியை மலிவாக, மொத்தமாக வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கின. மேற்கு ஜெர்மனியிலும் பிரான்சிலும் உள்ளூர்ப் பண்ணையாளர்கள் எதிர்த்தார்கள். ஐரோப்பியப் பொதுச் சந்தை 1962-ல் அமெரிக்கக் கோழிக்கு வரியைக் கூட்டியது. பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. 1963 டிசம்பரில், கென்னடி கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், புது அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்குக்கும் இறக்குமதி வரி உயர்ந்தது. டிரக்குக்கு 25 சதவீதம். குறி வைத்தது மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேனையும் அதன் பிக்கப் வடிவத்தையும்.

மற்ற மூன்று பொருட்களுக்கான வரி பின்னாளில் நீங்கியது. டிரக் வரி மட்டும் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நீடிக்கிறது. பயணிகள் காருக்கு 2.5 சதவீதம் என்றிருந்த காலம் முழுவதும் டிரக்குக்கு 25 சதவீதம். கோழிச் சண்டையை எல்லோரும் மறந்த பிறகும் வரி ஏன் போகவில்லை என்றால், ஃபோர்டு, செவர்லே போன்ற டெட்ராய்ட் வட்டார அமெரிக்க நிறுவனங்களுக்கு அது ஒரு கோட்டைச் சுவர் ஆகிவிட்டது. வெளியிலிருந்து மலிவான பிக்கப் உள்ளே வர முடியாது.

சுவரில் ஓட்டை தேடியவர்கள் உண்டு. 1970-களில் ஃபோர்டும் செவர்லேவும் மஸ்தா, இசுஸு தயாரித்த சிறு பிக்கப்களைத் தங்கள் பெயரில் விற்றன. லோடு பாடி இல்லாமல் கேபினும் சேசியும் மட்டுமாகக் கப்பலில் கொண்டுவந்து, அமெரிக்காவில் பாடியைப் பொருத்தினார்கள். அப்படி வந்தால் வரி 4 சதவீதம்தான். 1980-ல் அந்த வழி அடைபட்டது. சுபாரு தன் பிராட் என்ற சிறு பிக்கப்பின் திறந்த லோடு பாடிக்குள் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளை வைத்து, இது பயணிகள் வாகனம் என்றது. ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே போனது. துருக்கியிலிருந்து டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் இருக்கையோடு இறக்குமதி செய்து, பால்டிமோரில் அந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. சுங்கத் துறையோடு நீண்ட வழக்கு நடந்து, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. சுவரால் லாபம் பார்த்த நிறுவனமே அதைத் தாண்ட இத்தனை பாடுபட்டது என்றால், அந்த 25 சதவீதம் எவ்வளவு பெரிய பணம் என்று புரியும்.

ஜப்பானிய நிறுவனங்கள் வேறு வழி பார்த்தன. நிசான் 1983-ல் டென்னசியின் ஸ்மர்னாவில் தொழிற்சாலை திறந்து, முதலில் வெளியே விட்டது பிக்கப்பைத்தான். 1994-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே நாஃப்டா வணிக ஒப்பந்தம் வந்தபின் மெக்சிகோவில் கட்டும் பிக்கப்களுக்கு வரி படிப்படியாக நீங்கியது. டொயோட்டா டகோமா அங்கே போனது, பின்னாளில் மேவரிக்கும் அங்கே ஹெர்மோசியோ நகரில்தான் தயாரானது. ஆனால் உண்மையிலேயே மலிவான உலகச் சந்தை பிக்கப் மட்டும் அமெரிக்காவுக்கு வரவே இல்லை. டொயோட்டா 2023 நவம்பரில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்ற எளிய வேலை வண்டியை 4,59,000 பாட் ஆரம்ப விலையில் விற்கத் தொடங்கியது. ஏறத்தாழ 13,000 டாலர். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்ற ஆகும் செலவோடு இந்த 25 சதவீதத்தையும் சேர்த்துப் பார்த்தால், அதைக் கப்பலேற்ற யாருக்கும் மனம் வராது.

பெரிதாகக் கட்டினால் சலுகை

வெளி மலிவு வரவில்லை, சரி. உள்ளூரிலேயே சின்ன பிக்கப் கட்டியிருக்கலாமே? கட்டினார்கள். ஃபோர்டு ரேஞ்சர் பல ஆண்டுகள் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தயாரானது. 2011 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலையை மூடியபோது அதன் ஆரம்ப விலை 18,000 டாலர் அளவில் இருந்தது. அந்தப் பெயர் அமெரிக்காவுக்குத் திரும்ப 2019 ஆனது, அதுவும் பெரிய உடம்போடு.

இடையில் எரிபொருள் சிக்கன விதி மாறியிருந்தது. 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு 1975-ல் வந்த சட்டம், ஒரு நிறுவனம் விற்கும் வண்டிகள் சராசரியாக ஒரு காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்றது. டிரக்குகளுக்கு அதில் தனி அளவுகோல், தளர்வானது. பண்ணை வண்டியைக் காரோடு சேர்த்து அளக்கக் கூடாது என்ற அன்றைய நியாயம் ஏற்கத்தக்கதுதான். 2000-களின் பிற்பாதியில் விதியைத் திருத்தியவர்கள், வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து இலக்கை நிர்ணயிக்கத் தொடங்கினார்கள். பரப்பு கூடினால் இலக்கு தளர்ந்தது, பரப்பு குறைந்தால் இலக்கு இறுகியது. வண்டியைச் சிறிதாக்கியே இலக்கை எட்டிவிடக் கூடாது என்ற பாதுகாப்பு அக்கறை அதில் இருந்தது. விளைவு அதையும் தாண்டிப் போனது. சின்ன பிக்கப் ஒன்று கார் அளவு சிக்கனம் காட்ட வேண்டும், விலையோ குறைவாக இருக்க வேண்டும். அதே பொறியியல் உழைப்பைப் பெரிய பிக்கப்பில் போட்டால் இலக்கும் எளிது, லாபமும் பல மடங்கு. எந்த நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

வண்டியின் உருவமும் கூடவே மாறியது. 1960-களின் தொடக்கத்தில் ஃபோர்டின் ஒரு எஃப் வரிசை பிக்கப்பின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேபின், மூன்றில் இரண்டு பங்கு லோடு பாடி. இன்று பரவலாக விற்கும் நான்கு கதவு வண்டியில் அந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிட்டது. சுமை ஏற்றும் இடம் சுருங்கி, உட்காரும் இடம் தோலும் திரையும் குளிரூட்டிய இருக்கையுமாக விரிந்தது. 2001-ல் ஃபோர்டு, டெக்சாஸின் புகழ்பெற்ற கிங் ராஞ்ச் பண்ணையின் பெயரில் சொகுசு பிக்கப் விற்றபோது அது புதுமை. இன்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் டெனாலி, பிளாட்டினம், லிமிடெட் என்று அடுக்கு அடுக்காக இருக்கின்றன. அடிச்சட்டமும் இன்ஜினும் பெரும்பாலும் ஒன்றுதான், மேலே சேரும் அலங்காரத்தில்தான் கொழுத்த லாபம்.

ஃபோர்டின் கென்டக்கி டிரக் தொழிற்சாலை ஒன்று மட்டும் ஆண்டுக்கு 2,500 கோடி டாலர் வருமானம் தருகிறது என்று 2023 வாகனத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது வெளியே வந்தது. பல நாட்டு நிறுவனங்களின் மொத்த விற்பனையைவிட அதிகம். டிரக் தரும் லாபத்தை நம்பித்தான் ஃபோர்டு 2018-ல் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஃபியூஷன், டாரஸ் என்று வட அமெரிக்காவில் தன் சாதாரணக் கார்கள் அத்தனையையும் கைவிடுவதாக அறிவித்தது. முதல் வேலையில் சேர்ந்த இளைஞர் நுழையும் வாசல் அங்கேயே மூடியது.

அதே வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொழிலாளர் கூலிதான் விலையைத் தூக்கியது என்று பலர் சொன்னார்கள். 2028 வரையிலான ஒப்பந்தத்தில் அடிப்படைக் கூலி 25 சதவீதம் உயர்ந்தது உண்மை. அதனால் வண்டிக்கு 900 டாலர் செலவு கூடும் என்று ஃபோர்டின் நிதித் தலைவரே கணக்குச் சொன்னார். 65,000 டாலர் வண்டியில் 900 டாலர். பழியைக் கூலியின் மேல் போடுவது நியாயமில்லை.

தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த பாடம்

2021-ல் சிப் கிடைக்கவில்லை. ஓட வேண்டிய ஃபோர்டு டிரக்குகள் ஒரு சிப்புக்காகக் காத்து, கென்டக்கி ஸ்பீட்வே பந்தயத் திடலின் நிறுத்துமிடங்களில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்றன. கிடைத்த சில சிப்களை நிறுவனங்கள் எங்கே போட்டிருக்கும்? அதிக லாபம் தரும் ரகங்களில்தான். டீலர்களும் ஒட்டிய விலைக்கு மேல் சில ஆயிரம் டாலர் கேட்டார்கள். மக்களும் கொடுத்தார்கள். முன்பெல்லாம் டீலர் முற்றத்தில் வண்டி குவிந்து கிடக்கும், மாதக்கடைசியில் தள்ளுபடி கொடுத்துத் தள்ளுவார்கள். குறைவாகக் கட்டி, தள்ளுபடி இல்லாமல் விற்றால் லாபம் கூடும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் அனைவருக்கும் காட்டிக்கொடுத்தன.

மின்சார பிக்கப்கள் இந்தப் போக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடத்திக் காட்டின. எஃப்-150 லைட்னிங் 2021 மே மாதம் 39,974 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் அதே அடிப்படை ரகம் 59,974. விற்பனை தடுமாறியதும் ஜூலையில் 49,995-க்கு இறங்கியது. டெஸ்லா சைபர்டிரக் 2019-ல் 39,900 டாலர் என்று மேடையில் சொன்னது. 2023 நவம்பர் கடைசியில் முதல் வண்டிகள் கைமாறியபோது வாங்கக் கிடைத்த ரகங்கள் 80,000 டாலரை ஒட்டித் தொடங்கின.

இதற்கு நடுவே கடன் வட்டி ஏறியது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச் வரை பூஜ்யத்தை ஒட்டி வைத்திருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 – 5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. வாகனக் கடன் 7 சதவீதத்தைச் சுற்றி வந்தது. 60,000 டாலர் கடனை 3 சதவீத வட்டியில் 72 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 912 டாலர். அதே கடன் 7 சதவீதத்தில் 1,023. டீலர் அப்போது என்ன செய்வார்? 84 மாதமாக நீட்டிவிடுவார். தவணை 906-க்கு இறங்கும், பழைய தவணையைவிடச் சற்றுக் குறைவாகக்கூடத் தெரியும். ஆனால் மொத்த வட்டி 5,600 டாலரிலிருந்து 16,000 டாலராகிவிட்டது. வண்டியின் விலையைப் பார்க்காமல் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இப்படித்தான் விலையேற்றத்தை மறைக்கிறது. 2025-ல் புது வண்டிக் கடன் வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மாதம் 1,000 டாலருக்கு மேல் கட்டியதாக, வாகனச் சந்தையை ஆராயும் எட்மண்ட்ஸ் நிறுவனம் சொன்னது.

வருமான வரிச் சட்டமும் பெரிய வண்டியின் பக்கம். மொத்த எடைத் திறன் 6,000 பவுண்டுக்கு மேல் உள்ள வாகனத்தைத் தொழிலுக்கு என்று வாங்கினால், விலையின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். சின்ன மேவரிக் போன்ற வண்டிக்கு இந்தக் கழிவில் உச்சவரம்பு உண்டு. மரத்தூள் படியாத டிரக்குகள் இத்தனை ஏன் ஓடுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இரண்டு சக்கரத்தின் கணக்கு

டூரிங் பைக்கின் கதை கொஞ்சம் வேறு மாதிரி ஓடுகிறது. ஹோண்டா 1974-ல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் கோல்ட் விங்கைக் காட்டியது. 999 சிசி, நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் இன்ஜின். 1975-ல் அமெரிக்க விலை 2,899 டாலர். அந்த ஆண்டு அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் நடுத்தர வருமானம் 11,800 டாலர். ஆண்டு வருமானத்தில் கால் பங்கு. ஆனால் அந்த வண்டி வெறும் வண்டிதான். காற்றைத் தடுக்கும் ஃபேரிங், பக்கப் பெட்டி எதுவும் கிடையாது. இல்லினாயைச் சேர்ந்த கிரேக் வெட்டரின் விண்ட்ஜாமர் ஃபேரிங்கைத் தனியாக வாங்கி, சனிக்கிழமை வீட்டுக் கொட்டகையில் பொருத்திக்கொள்வார்கள். காசு வரும்போது பெட்டி, அப்புறம் ரேடியோ. பைக்கை அவரவர் வசதிக்கேற்ப வளர்த்துக்கொண்டார்கள்.

1980-ல் ஹோண்டா ஃபேரிங்கும் பெட்டியும் தொழிற்சாலையிலேயே பொருத்திய இன்டர்ஸ்டேட் ரகத்தை விற்றது. 1988-ல் ஆறு சிலிண்டர், 2001-ல் 1,800 சிசி, 2006-ல் காற்றுப்பை, 2018-ல் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி. இன்று ஏறத்தாழ 380 கிலோ எடை. கோல்ட் விங் டூர் 28,700 டாலர் என்றால், 2024-ன் நடுத்தரக் குடும்ப வருமானமான 83,730 டாலரில் மூன்றில் ஒரு பங்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018-ல் கோல்ட் விங் டூர் 26,700 டாலர். 2025 வரை ஏழு ஆண்டில் ஏழெட்டு சதவீதம்தான் ஏற்றம். அதே காலத்தில் பொது விலைவாசி 28 சதவீதம் அளவு ஏறியது. உண்மை மதிப்பில் பார்த்தால் கோல்ட் விங்கின் விலை குறைந்திருக்கிறது. வண்டி 2009-க்குப் பிறகு ஒஹாயோவின் மேரிஸ்வில்லிலிருந்து ஜப்பானின் குமமோட்டோவுக்குப் போனதால் 2022-க்குப் பிந்தைய யென் சரிவும் இதற்கு உதவியது. அப்படியானால் டூரிங் பைக் எட்டாக்கனியாகிவிட்டது என்ற புலம்பல் பொய்யா? பொய் இல்லை. கோல்ட் விங்குக்குக் கீழே இருந்த படிகள் போய்விட்டன.

ஹோண்டா எஸ்டி1300 அமெரிக்காவில் 2012-ஓடு நின்றது. கவாசகி கான்கோர்ஸ் 14, 2008-ல் 13,000 டாலருக்குள் வந்த அருமையான நெடுந்தூர வண்டி, 2022-ஓடு முடிந்தது. யமஹா ஸ்டார் வென்ச்சர் வந்த வேகத்தில் போனது. நடுத்தர விலையில் இரண்டு பேர், இரண்டு பெட்டி, ஒரு நாளில் 800 கிலோமீட்டர் என்று போக விரும்பியவருக்கு இருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைந்தன. அந்த இடத்தை பிஎம்டபிள்யூ ஜிஎஸ் போன்ற பெரிய அட்வெஞ்சர் பைக்குகள் பிடித்தன. அவையோ ரேடார், வளைவில் வேலை செய்யும் ஏபிஎஸ், மின்னணு சஸ்பென்ஷன் என்று இருபதாயிரம் டாலர் வட்டாரத்தில் நிற்கின்றன.

ஹார்லி இதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. 1983-ல் அதைக் காப்பாற்ற அதிபர் ரீகன் 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளின் வரியை 4.4-லிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தினார். ஜப்பானியர்கள் 750 சிசி இன்ஜின்களை 700-க்குக் கீழே குறைத்துச் சமாளித்தார்கள். கோல்ட் விங் அப்போது ஒஹாயோவில் தயாரானதால் தப்பியது. ஹார்லி தேறி எழுந்து, 1987-ல் வரி போதும் என்று தானே கேட்டுக்கொண்டது. 2006-ல் 3,49,000 பைக்குகளை அனுப்பியது அதன் உச்சம். 2024-ல் விற்றது ஒன்றரை லட்சம் அளவு. இடையில் 2021-ல் அன்றைய தலைவர் யோகன் சைட்ஸ் அறிவித்த திட்டம், லாபம் அதிகமான டூரிங், பெரிய குரூசர், மூன்று சக்கர ரகங்களில் கவனம் குவிப்பதாக இருந்தது. 1957 முதல் ஓடிய காற்றுக் குளிர் ஸ்போர்ட்ஸ்டர் வரிசை 2022-ஓடு நின்றது. அந்த வரிசையில் ஒன்பதாயிரம் டாலர் அளவில் கிடைத்த அயர்ன் 883 போய், அந்த இடத்துக்கு 13,499 டாலர் நைட்ஸ்டர் வந்தது. எதிர்பார்த்த விற்பனை வராமல், பின்னாளில் அதன் விலையைக் குறைக்க வேண்டியிருந்தது.

எனக்கு இதில் கவலை தருவது வயதுக் கணக்கு. அமெரிக்க பைக் உரிமையாளர்களின் நடுவயது 1990-ல் 32. 2018-ல் 50. இருபத்தைந்து வயதில் ஸ்போர்ட்ஸ்டர் வாங்கியவர்தான் நாற்பத்தைந்தில் ஹார்லியின் பெரிய டூரிங் வண்டியான எலெக்ட்ரா கிளைடு வாங்கினார். முதல் வண்டியை எடுத்துவிட்டால் இரண்டாவது வண்டிக்கு ஆள் எங்கிருந்து வருவார்? கோல்ட் விங் ஓட்டிகள் 1977-ல் அரிசோனாவில் தொடங்கிய பெரிய சங்கம் 2022-ல் கலைந்துவிட்டது. உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது, புதியவர்கள் வரவில்லை.

வரிகள் திரும்பி வந்த ஆண்டு

2018-ல் டிரம்ப் எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி போட்டார். ஐரோப்பா பதிலுக்கு அமெரிக்க பைக்குகளின் வரியை 6-லிருந்து 31 சதவீதமாக்கியது. ஒரு பைக்குக்குச் சராசரியாக 2,200 டாலர் கூடுதல் செலவு என்று ஹார்லி கணக்குக் காட்டி, ஐரோப்பாவுக்கான தயாரிப்பை தாய்லாந்துக்கு நகர்த்தியது. 2025-ல் எஃகு, அலுமினியம் இரண்டுக்கும் முதலில் 25, ஜூனில் 50 சதவீதம். ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கும் 25 சதவீதம் வந்தது. எஃப்-150-ன் உடம்பே 2015 முதல் அலுமினியம். மெக்சிகோ வழியும் பழையபடி சுலபமாக இல்லை, மேவரிக் அதில் நேரடியாக மாட்டியது.

அதே ஆண்டு ஜூலையில் வந்த வரிச் சட்டம், அமெரிக்காவில் பூட்டிய புது வண்டிகளின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழிக்க 2028 வரை அனுமதித்தது. பைக்கும் இதில் அடக்கம்; பென்சில்வேனியாவின் யார்க்கில் பூட்டும் ஹார்லிக்குக் கிடைக்கும், குமமோட்டோ கோல்ட் விங்குக்குக் கிடைக்காது. விலையைக் குறைக்கும் உதவியாக இதை நான் பார்க்கவில்லை. கூடுதலாகக் கடன் வாங்கத் தூண்டும் உதவி இது. அந்தச் சட்டமே எரிபொருள் சிக்கன இலக்கைத் தவறவிடும் நிறுவனங்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. சின்ன பிக்கப்புக்குத் தடையாக இருந்த ஒன்று அதனால் பலவீனமானது உண்மை. ஆனால் பெரிய வண்டியையே தொடர்ந்து கட்டுவதற்கும் அது முழு அனுமதி.

இதில் அதிகம் அடிபடுபவர் புது வண்டியே வாங்காதவர். சிறு ஒப்பந்ததாரர், புல்வெட்டும் தொழில் நடத்துபவர், கல்லூரி முடித்த இளைஞர் எல்லாம் நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியைத் தேடுபவர்கள். இன்று புதிதாக விற்காத எளிய வண்டி, ஐந்து ஆண்டு கழித்துப் பழைய சந்தைக்கும் வராது. 2021, 2022-ல் கட்டாமல் விட்ட வண்டிகளின் பற்றாக்குறை இப்போது பழைய வண்டிச் சந்தையில் தெரிகிறது. அதற்குப் பிறகு கட்டியவற்றில் பெரும்பகுதி எழுபதாயிரம் டாலர் சொகுசு ரகங்கள். அவை பழசானால் விலை இறங்கும், ஆனால் பழுதுபார்க்கும் செலவு இறங்காது. கேமராவும் சென்சாரும் பதித்த ஒரு முன் பம்பரை மாற்றுவதற்கு ஆகும் தொகை, பழைய ரேஞ்சர் ஓட்டியவருக்கு ஆண்டுச் செலவு.

கீழ்ப்படியை மறுபடி கட்டும் முயற்சிகள் சில தொடங்கியிருக்கின்றன. ஜெஃப் பெசோஸ் முதலீடு செய்துள்ள ஸ்லேட் நிறுவனம் 2025 ஏப்ரலில் இரண்டு பேர் உட்காரும் மின்சார பிக்கப்பைக் காட்டியது. கையால் சுற்றும் கண்ணாடி, பெயிண்ட் கிடையாது, பெரிய திரை கிடையாது. அரசு மானியம் போக 20,000 டாலருக்குள் என்றார்கள். 7,500 டாலர் மானியம் செப்டம்பரோடு முடிந்ததும் இருபதுகளின் நடுப்பகுதி என்று மாற்றிச் சொன்னார்கள். ஃபோர்டு 2027-ல் 30,000 டாலர் அளவில் நடுத்தர மின்சார பிக்கப் தருவதாக அறிவித்துள்ளது. ஹார்லி 6,000 டாலருக்குள் ஸ்பிரின்ட் என்ற சிறு பைக்கைப் பற்றிப் பேசுகிறது. அந்த விலையில் நம் சென்னை அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 ஏற்கெனவே அமெரிக்காவில் விற்கிறது. அங்கே நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுதும் ஓட்டுவதற்கான வண்டி அது இல்லை. ஆனாலும் கிளைச் சாலைகள் வழியாக நாட்டைச் சுற்ற நினைக்கும் இளைஞருக்கு அது போதும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, மலிவாக இருந்த அந்தச் சில பைக்குகளும் அதன் நிழலுக்குள் வந்தன.